முன் வரிசை நாற்காலி

மார்ச் 1, வெள்ளி

இளம்பரிதி வருகிறார். சென்னைக்கோ மதுரைக்கோ இல்லை, தூத்துக்குடிக்கே வருகிறார்.

முக்குக் கடைக்குத் தக்காளி வாங்கப் போனவள், எதிரே கட்டியிருந்த பேனரைப் பார்த்துக்கொண்டு நின்றதில் தக்காளியைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். மதினி கேட்டாள். விலை ஏறிக் கிடக்கு என்று புளுகிவிட்டுப் புளியைக் கரைத்து ஊற்றினேன். மதினி என்றால் என் வீட்டுக்காரருடைய அக்கா பிலோமினா. அவள் வீட்டுக்காரர் இறந்த பிறகு எங்களோடுதான் இருக்கிறாள். குழம்பில் எது குறைந்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும்.

பேனரில் வெள்ளை ஜிப்பாவோடு கண்ணை மூடி, ஒரு விரலைத் தூக்கி நிற்கிறார். காலில் செருப்பு இல்லை. எந்த மேடை ஏறினாலும் முதல் காரியமாகச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் பாடுவார். பாட்டு உச்சிக்குப் போவதற்கு முன்னால் அந்த விரல் மேலே போகும். அறுபது வயது தாண்டியவர் என்று சத்தியம் பண்ணினாலும் நம்ப முடியாது. பள்ளிக்கூடம் படித்த நாளிலிருந்து எனக்கு அவர் பைத்தியம். நேரில் ஒரு தடவைகூடப் பார்த்தது கிடையாது.

நான் கட்டியிருக்கிறவரோ ஜூனியர் பரிதி அல்போன்ஸ். கோயில் கொடைவிழா, கல்யாண வீடு, கட்சிக் கூட்டம், எங்கே மேடை போட்டாலும் இளம்பரிதி பாட்டு என்றால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். அச்சு அசல் என்பார்கள். அந்த அசலை எங்கள் வீட்டில் போடக் கூடாது. கல்யாணமான வாரமே சொல்லிவிட்டார். பழகுவதற்கு இவர் மட்டும் இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்பார். பத்தொன்பது வருடமாக நான் இளம்பரிதியைக் கேட்பது மினி பஸ்ஸிலும் டீக்கடை வாசலிலும்தான். கோயிலுக்குப் போகிற வழியில் டீக்கடையில் அவர் பாட்டு ஓடினால், வார் அறுந்த மாதிரி குனிந்து செருப்பைச் சரிபண்ணிக்கொண்டே நிற்பேன். செருப்பு நன்றாகத்தான் இருக்கும்.

மார்ச் 3, ஞாயிறு

நேற்று ஆறுமுகநேரிப் பக்கம் ஓர் அம்மன் கொடை. வழக்கம்போல் எனக்கு முன் வரிசையில் நாற்காலி. இவர் கச்சேரிக்கு நான் போகாமல் இருக்க முடியாது. போனால் சும்மா உட்காரவும் முடியாது. நடுவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பாட்டைப் பாடித்தான் எங்க வீட்டம்மாவைப் பிடிச்சேன்" என்று என்னைக் காட்டுவார். லைட் போடுகிறவன் வெளிச்சத்தை என் மூஞ்சியில் அடிப்பான். நான் வெட்கப்பட வேண்டும். நாற்பத்து நாலு வயதில் எத்தனை ஊரில்தான் வெட்கப்படுவது? தாடை வலிக்கிறது.

பாட்டு 'உப்புக் காற்றே'. இவர் சொல்வது பொய்யும் இல்லை. மாதா கோயில் திருவிழாவில் இவர் அதைப் பாடியபோது நான் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டேன். கண்ணை மூடினால் இளம்பரிதிதான். ஆனால் 'உப்புக் காற்றே நீ உறங்காதே' என்ற கடைசி வரியை இளம்பரிதி ஒரே மூச்சில் பாடுவார். இவருக்கு மூச்சு பத்தாது. சின்ன வயதில் சிமெண்ட் மூட்டை இறக்கிய நெஞ்சு. அதனால் 'உறங்காதே' என்பதற்கு முன்னால் மெதுவாக ஒரு 'ம்' போட்டு, அதற்குள் மூச்சை இழுத்துக்கொள்வார். யாருக்கும் தெரியாது. எனக்கு அந்த இடத்தில் கண் திறந்துவிடும். திறந்தால் எதிரே இவர் நிற்பார்.

இன்றைக்கு வரைக்கும் அப்படித்தான்.

மார்ச் 4, திங்கள்

கேட்டே விட்டேன். ரெண்டு பேரும் போவோமா என்று. இவர் பல் விளக்கிக்கொண்டிருந்தார். துப்பிவிட்டு வந்து, அந்தக் கூட்டத்தில் மிதிபட்டுச் சாக வேண்டுமா என்றார். என் தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டேன். தேவையே இல்லை, போன வாரம்தான் விட்டிருந்தேன்.

மார்ச் 6, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பல் பூசிவிட்டு வந்ததும் மதினி டிவி மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டாள். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் முடிகிறவரைக்கும் பாட்டும் கூத்தும் கூடாதாம். தம்பி கொடைக்குக் கொடை போய்ப் பாடுவதை மட்டும் அவள் ஒன்றும் சொல்வதில்லை. அது பிழைப்பு.

மார்ச் 9, சனி

மெட்ராஸ் பேச்சுப் பேசுகிற ஒருவர் காரில் வந்தார். செருப்பை வாசலில் விடாமல் உள்ளே வந்துவிட்டார். இவரும் அவரும் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். டீ கொண்டுபோனபோது பேச்சு நின்றுவிட்டது. வந்தவர் என்னைப் பார்த்து, டீ பிரமாதம் என்றார். இன்னும் குடிக்கவே இல்லை.

போன பிறகு யாரென்று கேட்டேன். சவுண்டு செட்டு விற்கிறவர் என்றார். சவுண்டு செட்டு விற்கிறவர் எதற்கு இவர் தோளில் கை போட்டுக்கொண்டு கார் வரைக்கும் போக வேண்டும்?

மார்ச் 11, திங்கள்

இவர் பேசுவதை நிறுத்திவிட்டார். தொண்டைக்கு ஓய்வாம். எல்லாம் சைகைதான். உப்பு வேண்டும் என்பதற்கும் தண்ணீர் வேண்டும் என்பதற்கும் ஒரே சைகை.

மார்ச் 12, செவ்வாய்

குழாயில் தண்ணீர் வந்தது. பன்னிரண்டு குடம். வெந்நீர், அதிமதுரம், பனங்கற்கண்டு, வெந்நீர். அடுப்பை விட்டு நகர முடியவில்லை.

மார்ச் 13, புதன்

கப்பல் ஏஜென்ட் வீட்டு ஷர்மிளா மேடம் மயில்கழுத்துப் பச்சையில் ஒரு பிளவுஸ் துணி கொண்டுவந்தார். இளம்பரிதி கச்சேரிக்குப் போடுவதற்காம். முதுகு நன்றாக இறங்க வேண்டும், ஆனால் அவர் மாமியாருக்குத் தெரியக் கூடாது. இரண்டையும் சேர்த்து எப்படித் தைப்பது என்று கேட்டேன். சிரித்துவிட்டார். சேலை முந்தியை எங்கே குத்தினால் முதுகு மறையும் என்று காட்டினேன். அவர் வீட்டுக்காரர்தான் கச்சேரிக்குப் பெரிய புரவலராம். போகும்போது கைப்பையில் இருந்து ஒரு பாஸை எடுத்துக் கொடுத்தார். "உங்க வீட்டுக்காரர் அவர மாதிரியே பாடுவார்ல, நீங்க கட்டாயம் வரணும்" என்றார்.

மிஷின் அறையில் பாபின் டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை நூல் தீர்ந்துபோகிறது.

மார்ச் 15, வெள்ளி

இவர் வாயைத் திறந்தார். 22ஆம் தேதி கோவில்பட்டியில் ஒரு கல்யாணக் கச்சேரி என்றார். நீ வர வேண்டாம், அலைச்சல் என்றார். நான் வர வேண்டாம் என்று இவர் சொல்வது இந்தப் பத்தொன்பது வருடத்தில் இதுதான் முதல் தடவை.

யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்டேன். பழைய சிநேகிதர் சவரிமுத்து மகன் கல்யாணம், கோவில்பட்டி மாதா கோயிலில் என்றார். மதினி கையில் இருந்த ஜெபமாலை நின்றுவிட்டது. தபசு காலத்தில் எந்தச் சாமியார் கல்யாணம் வைப்பார்? ஞானஸ்நானம் வாங்கின பிள்ளைக்குக்கூடத் தெரியும். இவருக்கு வாயில் வந்த பொய் அதுதான். மதினி என்னைப் பார்த்தாள். நான் வெண்டைக்காயைப் பார்த்துக்கொண்டு நறுக்கினேன்.

22ஆம் தேதிதான் இளம்பரிதி கச்சேரி. எனக்குப் புரிந்துவிட்டது. என்னை வீட்டில் பூட்டிவைத்துவிட்டு இவர் மட்டும் போய்ப் பார்க்கப்போகிறார். காதில் மாட்டிக்கொண்டு தனியாகக் கேட்கிற புத்தி எங்கே போகும்? இவ்வளவு கோபம் எனக்கு வந்து வருடக்கணக்காகிறது. வெண்டைக்காய் எல்லாம் பொடிப்பொடியாகப் போய்விட்டது.

மார்ச் 18, திங்கள்

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இவர் 'உப்புக் காற்றே' கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார். ஒரே மூச்சில் வரவேண்டுமாம். வரவில்லை. இருமுகிறார். வெளியே நான் துவைத்த துணியோடு நின்றேன். கதவைத் தட்டத் தோன்றவில்லை.

மார்ச் 20, புதன்

மேடைக்குப் போடுகிற சரிகைக் கோட்டை இஸ்திரி போட்டு வைக்கவா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். கச்சேரிக்குக் கோட்டு இல்லாமலா?

மார்ச் 22, வெள்ளி, காலை

இவர் கிளம்பிவிட்டார். சாதாரணக் கறுப்புச் சட்டை. வெந்நீர் பிளாஸ்க்கை நான்தான் ஓடிப்போய்க் கொடுத்தேன்.

மார்ச் 23, சனி

எழுதாமல் இருக்க முடியவில்லை. மதினி மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறாள். இவர் குப்புறப் படுத்துத் தூங்குகிறார்.

நேற்று வெள்ளிக்கிழமை, கோயிலில் பதினாலு ஸ்தலமும் சுற்றி ஜெபிக்கிற சிலுவைப்பாதை. அதைத்தான் சாக்காக வைத்துக்கொண்டேன். ஆறு மணிக்கு வாடாமல்லிச் சேலை கட்டி வெளியே வந்தபோது மதினி வாசலில் உட்கார்ந்திருந்தாள். சேலையை மேலும் கீழும் பார்த்தாள். சிலுவைப்பாதைக்கு இது கொஞ்சம் கூடுதல் என்று அவள் மூஞ்சி சொன்னது. "ஜெபமாலைய மறந்துட்டுப் போறியே" என்று தன் கையிலிருந்ததைக் கழற்றி என் கையில் திணித்தாள். ரெண்டு பாட்டு கேட்டுவிட்டு ஏழரைக்குள் திரும்பிவிடுவது என்று கணக்குப் போட்டிருந்தேன்.

மைதானத்தில் இரும்புத் தடுப்பு வைத்துக் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தார்கள். பாஸைப் பார்த்து இடதுபக்கம் ஒரு கட்டத்துக்குள் விட்டார்கள். நாற்காலியிலெல்லாம் ஆள் வந்தாயிற்று. நின்றேன். எனக்குப் பின்னால் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். முன்கூட்டம் முழுவதையும் துழாவினேன், இவர் எங்காவது இருக்கிறாரா என்று. பார்த்தால் என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

அப்புறம் எல்லா விளக்கும் அணைந்தது. ஒரே ஒரு வெளிச்சம். அவர் வந்தார்.

வந்தார் என்று எழுதினால் போதாது. நடந்து வந்து, குனிந்து, செருப்பைக் கழற்றி ஓரமாகச் சேர்த்து வைத்தார். அவ்வளவுதான் செய்தார். மைதானம் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டது. பிறகு நிமிர்ந்து, ஒவ்வொருவராகப் பார்ப்பதுபோல் பார்த்தார். என் பக்கம் பார்த்தபோது என் கை தானாகச் சேலையைச் சரிசெய்தது. பேசவில்லை. நெஞ்சில் கையை வைத்துக் கூட்டத்தைப் பார்த்துத் தலைவணங்கினார். ஊரே கத்தியது. பக்கத்தில் நின்ற டீச்சர் மாதிரி இருந்த அம்மா ஓவென்று அழுதாள். நானும்தான் அழுதேன்.

முதல் ரெண்டும் வேகப் பாட்டு. கூட்டத்தின் கத்தலில் அவர் குரல் பாதிதான் கேட்டது. அது போதும் எனக்கு. குதித்தேன் என்று நினைக்கிறேன். ஜெபமாலை மணிக்கட்டில் சுற்றிக் கிடந்தது. இந்த ஒரு சாயங்காலம் யாருக்கும் நான் வீட்டம்மா இல்லை, யாரும் என் மூஞ்சியில் வெளிச்சம் அடிக்கவில்லை. எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை எழுதிவைத்துக்கொள்கிறேன். பிறகு மறந்துபோகும்.

மூன்றாவது 'உப்புக் காற்றே'. புல்லாங்குழல் தொடங்கியதுமே கூட்டம் அடங்கிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். என்ன பாட்டு! இந்தப் பாட்டை இதைவிட யாரும் எங்கேயும் பாடியிருக்க முடியாது. ஒவ்வொரு வார்த்தையும் எனக்கென்று எடுத்துவைத்த மாதிரி வந்தது. கடைசி வரி வந்தது.

உப்புக் காற்றே நீ, 'ம்', உறங்காதே.

கண் திறந்துவிட்டது.

எதிரே பெரிய திரையில் இளம்பரிதியின் முகம். விரல் மேலே போயிருந்தது. உதடு 'உறங்காதே'யில் பாதி தூரம் போயிருந்தது, குரல் இன்னும் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு கண் இமைப்பு நேரம்தான். உதடு முன்னால் போக, குரல் பின்னால் வந்தது. யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த கறுப்புத் துணியைப் பார்த்தேன். கறுப்புச் சட்டை, கோட்டு வேண்டாம், வெந்நீர், கதவைச் சாத்திப் பேசிய ஆள். எல்லாம் வரிசையாக வந்தது. பொய் சொல்லி, பாவம் பண்ணி, சேலை கட்டி, ஒளிந்து வந்தேன், இந்த ஒரு குரலைக் கேட்க. இங்கேயும் இவர்தான் எனக்கு முன்னால் வந்து நிற்கிறார்.

போய்விடலாம் என்று திரும்பினேன். கட்டத்தின் கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். நெரிசல், முடிகிறவரைக்கும் யாரையும் விட முடியாது என்றான் தொண்டன். வயிற்றுவலி என்றேன். தண்ணீர் பாக்கெட் கொடுத்தான். தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்னும் பதினெட்டுப் பாட்டு. ஒவ்வொன்றிலும் இவர் எங்கே மூச்சு விடுவார் என்று எனக்குத் தெரியும். கேட்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. இவர் இந்த மாதிரிப் பாடி நான் கேட்டதே இல்லை. அதையும் எழுதத்தான் வேண்டும். ஆயிரக்கணக்கான பேர் இவருக்குக் கைதட்டினார்கள், ஒருவருக்கும் தெரியாமல்.

வீடு வந்தபோது மதினி சோற்றை மூடி வைத்திருந்தாள். "பதினாலு ஸ்தலத்தையும் ரெண்டு சுத்து சுத்துனியாக்கும்" என்றாள். ஜெபமாலையைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் அதை உதட்டில் வைத்து முத்தி செய்து கழுத்தில் போட்டுக்கொண்டு, வேறொன்றும் கேட்கவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

கல்யாணம் எப்படி இருந்தது என்றேன். சாப்பாடு நல்லா இருந்துச்சு என்றார். குரல் கட்டிப்போயிருக்கிறது. மிளகுப் பால் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சிலுவைப்பாதைக்குப் போனவள் என்னவென்று கேட்பது?

மார்ச் 26, செவ்வாய்

அந்த மூன்றாவது பாட்டை யாரோ போனில் எடுத்துப் போட, எல்லார் போனிலும் அதுதான். ஷர்மிளா மேடம் பிளவுஸுக்கு நன்றி சொல்லிவிட்டு அந்தப் பாட்டைத் தன் போனில் போட்டுக் காட்டினார். அந்த 'ம்' இருக்குதே, அதுக்குச் சொத்தையே எழுதிக் கொடுக்கலாம் என்றார். இளம்பரிதி இத்தனை வருடம் கழித்துப் புதிதாகச் சேர்த்திருக்கிறாராம். அறுபது வயதுக்கு மேல்தான் அந்தக் கனிவு வருமாம். புதுத் துணிக்கு அளவெடுத்த நான் நாடாவை இறுக்கிப் பிடித்ததில் அவருக்கு இடுப்பு இரண்டு அங்குலம் குறைந்துவிட்டது.

மார்ச் 28, வியாழன்

எங்கள் வீட்டு முன்னறையில் ஒத்திகை. வருகிற ஞாயிறு முத்தையாபுரத்தில் கொடை. கீபோர்டு வாசிக்கிற எட்வின் பாதியில் வாசிப்பை நிறுத்திவிட்டார். "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. அந்த 'ம்' சரியா விழல. அவரு போடும்போது ஒரு குழைவு இருக்கு. நீங்க மூச்சு வாங்குற மாதிரி இருக்கு. போன்ல கேட்டுப் பழகிருங்க" என்றார்.

இவர் சிரித்தார். பழகிருதேன் என்றார். சிரித்துக்கொண்டே தலை குனிந்தவர், வெகுநேரம் நிமிரவில்லை.

காபி தட்டோடு நின்றிருந்தேன். அந்த இடத்தில் நான் கோபத்தை மறந்தேன். எட்வினின் கீபோர்டைத் தூக்கித் தெருவில் போட வேண்டும்போல் இருந்தது.

மார்ச் 29, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

மத்தியானம் மதினி சிலுவைப்பாதைக்குப் பூ கட்டிக் கொடுக்கக் கோயிலுக்குப் போயிருந்தாள். இவர் கட்டிலில் உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டு அந்தக் கச்சேரிப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். தன்னையே கேட்டுத் தன்னைப் பழகுகிற மனுசனை நான் இன்றைக்குத்தான் பார்த்தேன். நான் போய்க் காதில் இருந்ததைக் கழற்றினேன்.

"அதப் பழக வேண்டாம். அது உங்க மூச்சு" என்றேன்.

எந்தப் பக்கம் நின்றாய் என்றுதான் முதலில் கேட்டார். இடதுபக்கம், பூட்டின கட்டத்துக்குள் என்றேன். பொய் சொன்னதற்குத் திட்டுவார் என்று இருந்தேன். திட்டவில்லை. எல்லாவற்றையும் கொட்டினார். இளம்பரிதிக்குப் போன மாதம் தொண்டையில் ஆபரேஷனாம், ஒரு வார்த்தை பேசக் கூடாதாம், தேதியை மாற்ற முடியாதாம். யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று வேதாகமத்தின் மேல் சத்தியம் வாங்கியிருக்கிறார்களாம். முடிந்த பிறகு இளம்பரிதி பின்னால் வந்து, பேச முடியாததால் இவர் கன்னத்தை மட்டும் தட்டிவிட்டுப் போனாராம். அந்தக் கன்னத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"யாராவது கண்டுபுடிச்சிருவாங்களான்னு கார்ல வந்த ஆளு கேட்டாரு. ஒருத்தி இருக்கா, அவ வந்தா கண்டுபுடிச்சிருவான்னேன். அதான் ஒன்ன வரவேண்டாம்னேன்."

அப்படியானால் இவருக்கு எப்போதுமே தெரிந்திருக்கிறது. நான் கண்ணை மூடுவதும் தெரியும், எங்கே திறக்கிறேன் என்பதும் தெரியும். வீட்டில் அசலைப் போடாததும் அதனால்தான். கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டார். "எப்படிட்டி இருந்துச்சு?"

உள்ளதைச் சொன்னேன். "உங்களத்தான் கேட்டேன். அவரக் கேக்கவே இல்ல."

இவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. என் கையை எடுத்துத் தன் கன்னத்தில், இளம்பரிதி தட்டிய அதே கன்னத்தில் வைத்துக்கொண்டார். இதைவிடப் பெரிய வார்த்தை தன்னிடம் யாரும் சொன்னதில்லை என்றார். நான் கையை எடுக்கவில்லை. அது என் குறை என்று திருத்தவும் இல்லை.

சாயங்காலம் குளித்துக்கொண்டே பாடினார். கதவைச் சாத்தவில்லை. கடைசி வரியில் 'ம்' போட்டார்.

மார்ச் 31, ஞாயிறு

தண்ணீர் வந்தது. பத்துக் குடம். வாடாமல்லிச் சேலையையே கட்டு என்று மதினி எடுத்து வைத்திருக்கிறாள். ஐந்து மணிக்கு வேன் வரும். இன்றைக்கு மேடையில் என்னைப் பிடித்த கதையைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லப்போகிறாராம். முன் வரிசையில் நடுவாக எனக்கு நாற்காலி போடச் சொல்லிக் கொடைக்காரர்களிடம் இவரே போன் பண்ணியிருக்கிறார்.